மோடல் நிலைமாற்ற அமைப்புகள்: ஒரு திறனாய்வு

ஒரு மென்பொருள் செய்தே ஆக வேண்டியது எது, செய்தாலும் செய்யாவிட்டாலும் ஏற்கத்தக்கது எது என்பதைக் கணித முறையில் பிரித்துக் காட்டும் மாதிரியே மோடல் நிலைமாற்ற அமைப்பு ஆகும். டென்மார்க்கைச் சேர்ந்த கிம் லார்சன், பெண்ட் தாம்சன் ஆகியோர் இதனை 1988-இல் முன்வைத்தனர். இதில் கட்டாய மாற்றம், அனுமதி மாற்றம் என இருவகை உண்டு. கட்டாயமான ஒவ்வொன்றும் அனுமதிக்கப்பட்டதாகவும் இருக்கும். வடிவமைப்பு முன்னேறும்போது அனுமதிகள் நீக்கப்படும் அல்லது கட்டாயமாக்கப்படும். இரண்டும் ஒன்றாகும் இடத்தில் கிடைப்பதே செயலாக்கம். இப்படிப் படிப்படியாக இறுக்குவது செம்மையாக்கல் எனப்படும்.

இம்மாதிரியின் எளிமையே அதன் பலம். ஏடிஎம் இயந்திரம் ஒன்றில் பணம் தருவது கட்டாயம், ரசீது தருவது விருப்பம் என்று இரண்டு அம்புக்குறிகளில் எழுதிவிடலாம். ஆனால் "ரசீது, குறுஞ்செய்தி இவற்றில் ஒன்றாவது தர வேண்டும்" என்று எழுத முயன்றால் மாதிரி கைவிரித்துவிடுகிறது. இரண்டையும் அனுமதியாக்கினால் எதையும் தராத இயந்திரம் தேறிவிடும். இரண்டையும் கட்டாயமாக்கினால் ஒன்றை மட்டும் தரும் இயந்திரம் தோற்றுவிடும். 1990-இல் வந்த 'அல்லது' வகைக் கட்டாயங்கள் இக்குறையைத் தீர்த்தன. அப்போதும், முதல் வாடிக்கையாளருக்கு ரசீது தந்துவிட்டு அடுத்தவருக்குத் தராத இயந்திரம் சரியானதாகவே கொள்ளப்படும். ஒருமுறை எடுத்த முடிவை நிலைநிறுத்த அளவுருக்கள் தேவைப்பட்டன. அவற்றைக் கொண்ட மாதிரி 2011-இல்தான் வந்தது.

இவை வெளிப்பாட்டுத் திறனின் குறைகள். இவற்றினும் ஆழமான குறை செம்மையாக்கலின் வரையறையிலேயே உள்ளது. முதல் விவரக்குறிப்பு, "அட்டையைச் செருகிய பின் ரசீது வரலாம்" என்கிறது. இரண்டாவது, "அட்டையைச் செருகினால் ரசீது கட்டாயமான நிலைக்கோ, ரசீதே இல்லாத நிலைக்கோ செல்லலாம்" என்கிறது. இரண்டையும் நிறைவு செய்யும் இயந்திரங்கள் ஒன்றே. ஆயினும் முதலாவது இரண்டாவதன் செம்மையாக்கல் அன்று என்று விதி தீர்ப்பளிக்கும். முதலாவதின் நடுநிலை எந்தப் பக்கமும் சேராததே காரணம். அதாவது, குற்றமற்ற வடிவமைப்பு ஒன்று சோதனையில் நிராகரிக்கப்படுகிறது. லார்சன், நைமன், வாசோவ்ஸ்கி ஆகியோரின் 2007-ஆம் ஆண்டுக் கட்டுரை இந்த இடைவெளியை ஆராய்ந்தது.

அப்படியானால் செயலாக்கங்களின் தொகுப்பையே நேரடியாக ஒப்பிடலாமே எனத் தோன்றும். அதற்கான விலை மிக அதிகம். வழக்கமான செம்மையாக்கலைப் பல்லுறுப்பு நேரத்தில் சோதிக்க இயலும். முழுமையான ஒப்பீடோ அடுக்குக்குறி நேரத்தைக் கோருவது என நிறுவப்பட்டுள்ளது. ஆகவே விதியின் குறையைப் பிழை என்று சொல்வது முழு நியாயமாகாது; அது விரைவுக்காகக் கொடுக்கப்பட்ட விலை. ஒப்பிடப்படும் மூல விவரக்குறிப்பு தீர்மானமானதாக, அதாவது ஒரு செயலுக்கு ஒரே அடுத்த நிலை உடையதாக இருந்தால், இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தரும். பாடநூல் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இவ்வகையினவாக இருப்பதால் மாணவர் கண்ணில் இச்சிக்கல் படுவதில்லை.

இணைய நெறிமுறைகளின் சொல்வழக்கை வரையறுத்த 1997-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2119 ஆவணம், 'கட்டாயம்', 'விருப்பம்' ஆகியவற்றுக்கு இடையே 'தக்க காரணமின்றி விடக்கூடாது' என்ற படியையும் வைத்துள்ளது. மோடல் நிலைமாற்ற அமைப்பில் அதற்கு அம்புக்குறி இல்லை. அதனை அனுமதி என்று வரைபவர் காரணம் காட்டும் பொறுப்பை நீக்கிவிடுகிறார். கட்டாயம் என்று வரைபவர் நியாயமான விதிவிலக்கைத் தடுத்துவிடுகிறார்.