ஒப்புதல் படிவத்தின் தமிழ்

ஒத்தக்கடையில் என் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் யானைமலை முழுசாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதச் சாயங்காலம், அந்தத் திண்ணையில் வைத்து அவருக்கு 22 பக்கத் தமிழ் உரைநடை ஒன்றை வாசித்துக் காட்டினேன். கணையப் புற்றுநோய்க்கான புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர்வதற்கான தகவல் தாளும் ஒப்புதல் படிவமும்தான் அந்த உரைநடை.

பெரியப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் 40 வருடம் கமிஷன் வியாபாரம் பார்த்தவர். முதலில் மஞ்சள் காமாலை என்றுதான் நினைத்தோம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததில் ஒரு மாதம் போனது. பிறகு ஸ்கேன், பித்தக்குழாயில் ஸ்டென்ட், பயாப்சி. கட்டி கணையத்தைத் தாண்டி ஈரலுக்குப் போயிருந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை, கீமோதான் என்றார்கள். அந்தக் கீமோவோடு புது மருந்து ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வும் நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம் என்று படிவத்தைக் கொடுத்தனுப்பினார்கள்.

நாலாவது பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்.

“ஏத்தா, இதுல யாரு யாருகிட்ட பேசுறாய்ங்க?”

இலக்கியக் கூட்டங்களுக்குப் பத்து வருடமாகப் போய்வருகிறேன். ஒரு பிரதியைப் பார்த்து இவ்வளவு நேராக யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. எனக்குப் பதிலும் தெரிந்திருந்தது, அதுதான் சங்கடம். கல்லூரி முடித்த புதிதில் இரண்டு வருடம், வார்த்தைக்கு இவ்வளவு பைசா என்று கூலி பேசி, இந்த மாதிரிப் படிவங்களை மொழிபெயர்த்தவள் நான்.

இந்தக் கட்டுரை அந்த வகைமையைப் பற்றிய விமர்சனம். இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நாம் சிறுகதையின் கடைசி வரியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். வாசித்து முடித்ததும் வாசகர் கையெழுத்துப் போட்டுத் தன் உடம்பையே ஒப்படைக்கிற ஒரு உரைநடை நம் மொழியில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரி விமர்சனம் கிடையாது.

*

அந்தத் தமிழ் எப்படி உருவாகிறது என்று முதலில் சொல்கிறேன். மருந்து நிறுவனம் ஆங்கிலத்தில் மூலப் படிவத்தை அனுப்பும். ஒருவர் தமிழாக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து, சான்றிதழோடு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புவார்கள். மீள்மொழிபெயர்ப்பு என்று பெயர். நோக்கம் நல்லதுதான். தமிழில் ஒரு பக்கவிளைவை யாராவது விட்டிருந்தால் இதில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு இது என்ன செய்கிறது? யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தீர்மானிக்காமல் தற்செயலுக்கு விடுவதை நான் முதலில் ‘குலுக்கல்’ என்று எழுதினேன். அது ஆங்கிலத்துக்கு ‘லாட்டரி’ என்று திரும்பிப் போனது. சிவப்பில் அடித்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை ‘சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு’ என்று எழுதினேன். பத்திரமாக ‘ரேண்டமைசேஷன்’ என்றே ஊர் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து நான் நோயாளிக்கு எழுதுவதை விட்டுவிட்டு, திரும்ப ஆங்கிலமாக்கும் அந்த முகம் தெரியாத ஆளுக்காக எழுதத் தொடங்கினேன். ஒரு வாக்கியத்துக்கும் சிவப்பு வரவில்லை.

அதே சொல்லைத்தான் அன்றைக்குத் திண்ணையில் வாசித்தேன். பெரியப்பா கேட்டார்: “ஒதுக்கீடுன்னா, எந்தெந்தச் சாதிக்கு எத்தனன்னு பாத்துக் குடுப்பாய்ங்களா?”

அடுத்த கோளாறு வினையில் இருக்கிறது. தமிழ் வினைமுற்று தன் வாலிலேயே ஆளைச் சுமக்கிறது. ‘ஊசி போடுவோம்’ என்றால் ‘நாங்கள்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. படிவத்தின் தமிழ் அந்த வாலை வெட்டிவிடுகிறது. மருந்து வழங்கப்படும், இரத்தம் சேகரிக்கப்படும், தகவல்கள் பகிரப்படலாம். 22 பக்கமும் எல்லாம் தானாகவே நடக்கின்றன. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பெரியப்பா கேட்டதற்கு இலக்கணக் காரணம் இது.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வு மருந்து எதிர்பார்த்த பலனைத் தராமல் போகலாம் என்பதைப் படிவம் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் படிவமும் சொன்னது, ஒன்பதாம் பக்கத்தில்: உத்தேசிக்கப்பட்ட சிகிச்சைப் பலனை ஆய்வு மருந்து அளிக்கத் தவறுவதற்கான சாத்தியக்கூறு உள்ளது. சட்டப்படி குறையில்லை. வாசகராகப் பாருங்கள். ‘தவறுவது’ என்றால், வழக்கமாகச் சரியாக நடக்கும் ஒன்று எப்போதாவது பிசகுவது. வழக்கமாக ஓடும் பஸ் ஒருநாள் வராததைப் போல. ஆனால் உண்மை நிலை வேறு. இந்தப் பாதையில் பஸ் உண்டா என்றே இன்னும் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வு.

ஆய்வைச் சிகிச்சை என்றே நோயாளிகள் எண்ணிக்கொள்ளும் இந்த மயக்கத்துக்கு, பால் ஆப்பெல்பாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1982இல் ஒரு பெயரே வைத்தார்கள். அந்த மயக்கத்தில் நம் உரைநடைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

*

படிவம் மட்டும் குற்றவாளி இல்லை. புற்றுநோயைத் தமிழ் மனம் கற்றுக்கொண்டது பெரும்பாலும் திரையில்தான். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962இல் வந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிற கதை. முன்னாள் காதலியின் கணவனைக் காப்பாற்ற வேண்டிய மருத்துவர், காப்பாற்றிவிட்டுத் தானே செத்துப்போகிறார். நல்ல படம், இன்றும் அழவைக்கும். ஆனால் அங்கே கேள்வி மருத்துவரின் மனத்தைப் பற்றியது: மனசாரச் செய்வாரா, மாட்டாரா? அவருக்கு வழி தெரியுமா என்ற சந்தேகம் கதைக்குள் வருவதே இல்லை. அதற்குப் பின் வந்த எத்தனையோ படங்களில் மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நாள் கணக்குச் சொல்கிறார். காப்பாற்றினாலும் கைவிட்டாலும் அவருக்கு எல்லாம் தெரியும். ‘எனக்குத் தெரியலைம்மா’ என்று சொல்லும் மருத்துவரை நாம் பாத்திரமாகப் படைக்கவில்லை. அப்படி ஒருவரை நேரில் பார்த்தால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறோம்.

கணையப் புற்றுநோயிலோ, தெரியாது என்பதுதான் முதல் உண்மை. சித்தார்த்த முகர்ஜி தன் புற்றுநோய் வரலாற்று நூலில் (2010) பாரசீக அரசி அட்டோசாவைக் காலம் காலமாக நடத்திக் கூட்டிவருகிறார். அவளுக்கு வந்தது மார்பகப் புற்றாக இருந்தால் இன்றைக்குப் பல வருட ஆயுள் கூடியிருக்கும். பரவிய கணையப் புற்றாக இருந்தால் 2,500 வருடத்தில் சில மாதங்களுக்கு மேல் கூடியிருக்காது என்கிறார். அந்தச் சில மாதங்கள் எப்படி வந்தன என்பதை ஆய்வறிக்கைகளில் வாசிக்கலாம். 1997இல் ஜெம்சிடபின் என்ற மருந்தைப் பழைய மருந்தோடு ஒப்பிட்டார்கள். 126 பேர். இடைநிலை ஆயுள் 4.41 மாதத்திலிருந்து 5.65 மாதம் ஆனது. அந்த ஆய்வு முதன்மையாக அளந்தது ஆயுளை இல்லை. வலி எவ்வளவு, வலிமாத்திரை எத்தனை, நடமாட்டம் எப்படி, எடை ஏறுகிறதா என்று நோயாளிகளின் அன்றாடத்தைக் கணக்கெடுத்தார்கள். பழைய மருந்தில் 4.8 சதவீதம் பேருக்கும், புதியதில் 23.8 சதவீதம் பேருக்கும் அந்த வகையில் நிவாரணம் கிடைத்தது. நான் வாசித்த மருத்துவ அறிக்கைகளில் மனுஷ வாசனை அடித்தது இது.

2007இல் வந்த அறிக்கையில் ஜெம்சிடபினோடு எர்லோடினிப் சேர்த்தார்கள். 5.91 மாதம் 6.24 மாதம் ஆனது. கிட்டத்தட்ட பத்து நாள். அறிக்கை இதைப் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது என்றது. அது பொய்யில்லை. ஆனால் ‘குறிப்பிடத்தக்கது’ யாருக்கு என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. பிறகு 2011இல் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற நான்கு மருந்துக் கூட்டு 6.8 மாதத்தை 11.1 ஆக்கியது. கூடவே பக்கவிளைவுகளும் கடுமையாயின. ஆபரேஷன் செய்துகொள்ள முடிந்தவர்களுக்கு அதன் மாற்று வடிவத்தைக் கொடுத்தபோது 35 மாதம் 54.4 மாதமானதை 2018இல் அறிவித்தார்கள். இப்படி ஏறிய ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும், என்ன ஆகும் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்ட நூற்றுக்கணக்கான பேர் இருக்கிறார்கள். ஆகவே ஆய்வுகளே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது.

ஏன் இத்தனை பேர், ஏன் ஒப்பீடு என்பதற்கு ரால்ஃப் ஸ்டைன்மன் நல்ல உதாரணம். டென்ட்ரிடிக் செல்லைக் கண்டறிந்தவர். 2007இல் அவருக்கே கணையப் புற்றுநோய் வந்தது. தன் கண்டுபிடிப்பை வைத்துச் செய்த தடுப்பூசிகள் உட்படப் பல சோதனைச் சிகிச்சைகளைத் தன் உடம்பிலேயே செய்துகொண்டார். நாலு வருடத்துக்கு மேல் இருந்தார். 2011இல் நோபல் பரிசு அறிவிப்பதற்கு மூன்று நாள் முன் இறந்துபோனார். அந்த நாலு வருடத்தைக் கொடுத்தது தடுப்பூசியா, கீமோவா, அவர் உடல்வாகா? சொல்ல முடியாது. ஒரே ஒரு ஆள், ஒப்பிட்டுப் பார்க்க அவரைப் போல் இன்னொருவர் இல்லை.

மறுபக்கமும் உண்டு, நம் பக்கத்திலேயே. 1999, 2000 ஆண்டுகளில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகளுக்கு ஒரு சோதனை வேதிப்பொருளை ஊசியாகப் போட்டார்கள். தங்கள் விஞ்ஞானி உரிய நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் அதில் ஈடுபட்டார் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2001இல் அறிவித்தது. தங்கள் மீது நடப்பது சோதனை என்று நோயாளிகளுக்குப் புரிந்திருந்ததா என்பதுதான் அப்போது எழுந்த பெரிய சர்ச்சை. தாளில் கையெழுத்து இருப்பது அதற்குப் பதிலாகாது.

*

திண்ணைக்கு வருகிறேன். பெரியப்பா கேட்டதும் படிவத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

“பெரியப்பா, புது மருந்து நல்லது பண்ணுமா கெட்டது பண்ணுமான்னு டாக்டருக்கே தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் கேக்குறாங்க. பாதிப் பேருக்குப் பழைய கீமோ மட்டும். பாதிப் பேருக்கு அதோட புதுசும் சேத்து. யாருக்கு எதுன்னு டாக்டர் முடிவு பண்ண மாட்டாரு. கம்ப்யூட்டர் சீட்டு எடுக்கும்.”

கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி முன்னால சீட்டுப் போடுற மாதிரி.”

“அதே மாதிரிதான்.”

“ரெண்டுல எதுன்னு தெரியாதப்பத்தானத்தா சீட்டுப் போடுவோம். தெரிஞ்சா எதுக்குச் சீட்டு?”

ஆய்வு நெறியின் அடிப்படை இதுதான். இரண்டில் எது மேல் என்று உண்மையிலேயே தெரியாதபோதுதான் மனிதர்களை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு பூ வியாபாரி அதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்த வரிக்கான சொற்கள் ஒத்தக்கடைத் தமிழில் இருந்தன. நான் சிவப்பு மைக்குப் பயந்து விட்டுவந்த ‘குலுக்கல்’ அவருக்குப் புரியும் சொல்லாகவே இருந்திருக்கும்.

“சரி, எடை போட்டாத்தான தெரியும்” என்று கையெழுத்துப் போட்டார்.

அவருக்குச் சீட்டு விழவே இல்லை. சேர்ப்பதற்கு முந்தைய பரிசோதனையில் பிலிருபின் அளவு குறையவில்லை என்று ஆய்வில் எடுக்கவில்லை. கிடைத்த கீமோவோடு ஐப்பசி வரை இருந்தார். கையெழுத்துப் போட்ட பிரதி பீரோவில் கிடக்கிறது. நான் எதுவும் சொல்லாமல் 22 பக்கத்தையும் வாசித்து முடித்திருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார், மருந்து கிடைக்கப்போகிறது என்ற நம்பிக்கையில். தாளில் இரண்டு கையெழுத்தும் ஒன்று போலத்தான் இருக்கும். நான் தமிழாக்கிய படிவங்களில் எத்தனை கையெழுத்து அந்த இரண்டாவது வகை என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரை இருக்கிறது. அங்கே 770ஆம் ஆண்டின் வட்டெழுத்துக் கல்வெட்டு உண்டு. பாண்டிய அமைச்சர் மாறன் காரி இந்தக் கற்றளியைச் செய்தார், நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்வதற்கு முன்பே இறந்துபோனார், பிறகு தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர் தெளித்தார் என்பது செய்தி. காரியின் பெயரோடு ‘வைத்தியன்’ என்ற சொல்லும் வருகிறது. குலப்பெயரா தொழிற்பெயரா என்பது தனி விவாதம். நான் சொல்லவந்தது வேறு. யார் தொடங்கினார், எது முடியவில்லை, யார் முடித்தார் என்று ஒவ்வொரு வினைக்கும் அங்கே ஆள் இருக்கிறார்.

இதை வாசிக்கும் இளைஞர்களுக்கு ஒரு தகவலோடு முடிக்கிறேன். அதே 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மருத்துவமோ சட்டமோ சாராத சாதாரணப் பிரஜை. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் நோயாளியின் இடத்திலிருந்து படிவத்தை வாசிக்க வேண்டியவர். தமிழ் வாசித்துப் பழகியவர்கள் அங்கே போய் உட்கார வேண்டும். உட்கார்ந்து, ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டி, “இதுல யாரு யாருகிட்ட பேசுறாங்க?” என்று கேட்டால் போதும்.