ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் பின்னால் சைக்கிள் ஏற்றலாமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டையே இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுபவர்கள் பலர் விரும்பி வாங்குவது ஃபிஃப்த் வீல் டிரெய்லர். பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில், பின் ஆக்சிலுக்கு ஏறக்குறைய நேர் மேலே ஒரு ஹிட்ச் இருக்கும். டிரெய்லரின் கிங்பின் அதில் வந்து பூட்டிக்கொள்ளும். டிரெய்லர் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு டிரக்கின் மேல் இறங்குவதால் நெடுஞ்சாலையில் வண்டி ஆடாமல் வரும். ஆனால் சைக்கிள் போட்டு வைக்க வசதியாக இருந்த தொட்டியை அந்த ஹிட்ச் பிடித்துக்கொள்கிறது. கூரையிலும் ஏற்ற முடியாது. பல மாநிலங்களில் வண்டியின் உயர வரம்பு 13 அடி 6 அங்குலம். பெரிய மாடல்கள் பல அதை ஏற்கெனவே நெருங்கி நிற்கின்றன. எனவே டிரெய்லரின் பின்புறத்தில் 2 அங்குல ரிசீவர் (ரேக்கின் செருகுகுழாய் நுழையும் சதுரக் குழாய்) ஒன்றைப் பொருத்தி, அதில் சைக்கிள் ரேக்கைச் செருகுவது என்ற முடிவுக்குப் பலரும் வருகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் ரிசீவரின் மேல் ஒட்டியிருக்கும் எடை வரம்பை மட்டும் பார்த்து அந்த முடிவை எடுப்பதுதான் ஆபத்து.

இதைப் பற்றிப் பேசும்போது முதலில் எழும் அச்சம், பின்னால் எடை கூடினால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிடாதா என்பது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின் சைக்கிள் ஒன்று 30 கிலோ என்றால் இரண்டும் 60 கிலோ, ரேக் 30 கிலோ, ஆக மொத்தம் 90 கிலோ. கிங்பின்னிலிருந்து ஆக்சில்களின் நடுப்புள்ளி வரை 6.5 மீட்டர், அங்கிருந்து சைக்கிள்கள் நிற்கும் இடம் வரை 3.7 மீட்டர் என்று கொள்வோம். கிங்பின் மேல் இறங்கும் எடையில் குறைவது சுமார் 51 கிலோ. 5,000 கிலோ டிரெய்லரில் 1,000 கிலோ முன்னால் இறங்கும்போது இந்த 51 கிலோ பெரிய விஷயமே அல்ல. கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கம்: ஆக்சில்களின் மேல் ஏறுவது 90 கிலோ அல்ல, 141 கிலோ. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அலமாரிகளையும் நிறைத்துக்கொண்டு கிளம்பும் டிரெய்லரில் ஆக்சிலும் டயரும் தாங்கும் வரம்புக்கு மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். எடைமேடையில் ஏற்றிப் பார்க்காமல் இந்த 141 கிலோவைக் கூட்டக் கூடாது.

உண்மையான சிக்கல் குலுக்கல். கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் உண்டு. பெரும்பாலான டிரெய்லர்களில் லீஃப் ஸ்பிரிங் மட்டுமே. எழும்பிய பின்பகுதியை அடக்க வேறு எதுவும் இல்லை. அமெரிக்காவின் கான்கிரீட் நெடுஞ்சாலைகளில் ஏறத்தாழ நாலரை மீட்டருக்கு ஒரு இணைப்புக்கோடு வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஆறு தட்டு. ஒரு மணி நேரத்தில் 22,000. சைக்கிள்களின் எடைமையம் ரிசீவருக்கு அரை மீட்டருக்கும் மேல் பின்னால் தொங்குகிறது. ஒவ்வொரு தட்டும் ரிசீவரையும் அதைப் பிடித்திருக்கும் சட்டத்தையும் சிறிது முறுக்கிவிட்டுப் போகிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதைப் போல, ஒரே தடவையில் உடைக்க முடியாத இரும்பைத் திரும்பத் திரும்ப வரும் சிறு விசை விரிசல் விட வைத்துவிடும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில்தான் தொடங்கும். நின்ற நிலையில் தாங்கும் எடையை வைத்து இதை அளக்க முடியாது.

இதனால்தான் பின்பம்பரில் கவ்விப் பிடிக்கும் ரேக்குகளை முற்றாக ஒதுக்குகிறேன். கடைகளில் அவை விற்கின்றனவே என்று கேட்கலாம். விற்பது உண்மைதான். ஆனால் அந்த பம்பர் பெரும்பாலும் 4 அங்குலச் சதுரக் குழாய். உள்ளே கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்கும் அளவுக்கு வெற்றிடம், வெளியே மெல்லிய தகடு. அது சட்டத்தோடு சேர்வதும் இரு முனைகளில் உள்ள வெல்டிங்கில்தான். ரேக்கின் முறுக்கு முழுவதும் அந்த இரண்டு வெல்டிங்குகளில் போய் நிற்கிறது. சட்டத்தின் இரு நீளப் பீம்களையும் குறுக்கே இணைத்து நிற்கும் ரிசீவர் இதைவிடப் பல மடங்கு மேல். அதைப் பொருத்தும்போது பீமின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போட விடாதீர்கள், நடுத்தகட்டில் போடுங்கள். விளிம்புக்குக் குறுக்கே வெல்டிங் கூடவே கூடாது. டிரெய்லர் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் தயாரிப்பாளரிடம் எழுத்து மூலம் கேட்டுவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

காரில் வருடக்கணக்கில் ஓடிய ரேக் இங்கே மட்டும் ஏன் உடையப் போகிறது என்பது நியாயமான கேள்வி. விடை அந்த ரேக்கின் கையேட்டிலேயே இருக்கிறது. கார்களுக்கான ரேக்குகள் பலவற்றை டிரெய்லரின் பின்னால் பொருத்தக் கூடாது என்று தயாரித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். யகிமா நிறுவனம் லாங்ஹால் என்ற ரேக்கை இத்தகைய வண்டிகளுக்கென்றே தனியாகக் கொண்டுவந்ததற்கும் காரணம் இதுதான். டிரெய்லருக்கு ஏற்றது என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்ட ரேக்கை மட்டும் வாங்க வேண்டும். மின் சைக்கிளுக்குச் சக்கரங்களைத் தாங்கும் தட்டுவகை நல்லது. பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் ஒவ்வொன்றிலும் சில கிலோ குறையும். செருகுகுழாய்க்கும் ரிசீவருக்கும் இடையே உள்ள இடைவெளியை இறுக்கும் கவ்வி கட்டாயம் வேண்டும், ஏனெனில் அந்த ஆட்டமே ஒவ்வொரு தட்டையும் சுத்தியல் அடியாக மாற்றுகிறது. ரேக்கைப் பின்ஏணியில் கட்டுவது வீண். அந்த ஏணி நிற்பது மெல்லிய சுவரில்.

டிரக்கின் பின்னிருக்கையிலோ டிரெய்லருக்குள்ளேயோ வைத்துவிட்டால் இத்தனை தொல்லை எதற்கு என்பாரும் உண்டு. சாதாரண சைக்கிள் இரண்டுதான், முன்சக்கரத்தைக் கழற்றச் சலிப்பில்லை என்றால் அவர்கள் சொல்வதே சரி. ஒரு செலவும் இல்லை. ஆனால் 30 கிலோ மின் சைக்கிளைப் படியேற்றி உள்ளே தூக்குவது எல்லோராலும் ஆகாது. வயதான தம்பதியர் நிறையப் பேர் ஓட்டும் வண்டி இது என்பதை மறக்கக் கூடாது. பின் ரேக்குக்கும் குறைகள் உண்டு. அதனால் வண்டியின் நீளம் ஒரு மீட்டர் கூடுகிறது. திருப்பங்களில் பின்முனை இன்னும் அகலமாக வெளியே வீசும், பெட்ரோல் பங்க் ஏற்றத்தில் அடி உரசும். பின்விளக்கும் எண் பலகையும் மறைந்தால் காவலர் நிறுத்துவார். இவை பழகிச் சமாளிக்கக் கூடியவை.

என் தீர்ப்பு இது: இரு பீம்களிலும் போல்ட்டால் பிணைத்த ரிசீவர், டிரெய்லருக்கென அனுமதிக்கப்பட்ட ரேக், இரண்டு சைக்கிள்கள். இந்த அளவோடு நின்றால் தயங்காமல் பொருத்தலாம். நான்கு மின் சைக்கிள்கள் வேண்டுமென்றால் பின்புறத்தில் கராஜ் உள்ள டிரெய்லரையே பாருங்கள். ரிசீவர் இருக்கிறதே என்று அதில் படகை மாட்டி இழுக்காதீர்கள்; சைக்கிளுக்கென்று வைத்த ரிசீவர் இழுவைக்கு ஆகாது, இரண்டாவது டிரெய்லரைப் பல மாநிலங்கள் அனுமதிப்பதும் இல்லை. எரிபொருள் நிரப்ப நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பின்னால் போய், வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் வெடித்திருந்தால் சைக்கிள்களை அங்கேயே இறக்கிவிட வேண்டும்.