செவியைத் திறந்த ஆசிரியர்

இசை கற்பித்தல் என்றால், பாடத் தெரிந்தவர் பாடிக் காட்டத் தெரியாதவர் அதனைத் திருப்பிப் பாடுதல் என்றே பன்னெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. இவ்வழக்கிற்கு மாறாக, மாணவர் வாயைத் திறப்பதற்கு முன் அவர்தம் செவியைத் திறத்தல் வேண்டும் என்று வலியுறுத்தியவர் கனடா நாட்டு இசையமைப்பாளர் மரே ஷேபர். 1933ஆம் ஆண்டு ஒண்டாரியோ மாநிலத்துச் சார்னியா நகரில் பிறந்து 2021இல் மறைந்த அவருடைய கற்பித்தல் முறையின் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இசையாசிரியர்க்கேயன்றி மொழியாசிரியர்க்கும் அதில் கொள்ளத்தக்கன உள.

1965இல் வெளிவந்த 'வகுப்பறையில் இசையமைப்பாளர்' என்னும் அவருடைய சிறுநூல், மாணவரோடு அவர் நிகழ்த்திய உரையாடல்களின் பதிவு ஆகும். 'இசை என்றால் என்ன?' என்று அவர் வினவுவார். மாணவர் ஒரு விளக்கம் தருவர். அதற்கு அடங்காத ஓர் இசையை அவர் எடுத்துக்காட்டுவார், விளக்கம் சரியும். மீண்டும் மாணவர் எண்ணத் தொடங்குவர். முடிந்த முடிபை ஆசிரியர் வழங்காமையே இங்குக் கற்பித்தலாக அமைகிறது.

1965 முதல் 1975 வரை சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 'செவித் தூய்மை' (1967) என்னும் நூலை எழுதினார். அதிலுள்ள பயிற்சிகளுள் ஒன்று மிகவும் எளிது: ஒரு தாளைச் சிறிதும் ஒலி எழாமல் வகுப்பு முழுதும் கைமாற்றுதல் வேண்டும். மாணவர் முயல்வர்; தாள் சலசலக்கும். அத்தோல்வியே பாடம். எத்துணை ஒலிகளைத் தாம் கேளாது விட்டிருந்தனர் என்பதை அவர்கள் அப்போதுதான் உணர்வர்.

மற்றொரு முயற்சியில், ஏறத்தாழப் பதினொரு வயதுச் சிறுவர்களை நிலவொளியைக் குறிக்கப் புதுச் சொற்களைப் படைக்குமாறு ஷேபர் கேட்டார். எம்மொழியிலும் இல்லாத அச்சொற்களைக் கொண்டே 'நிலவொளிக்கு ஒரு கல்லறை வாசகம்' என்னும் குழுப்பாடலை, மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு ஓராண்டு முன்னர், 1968இல் அமைத்தார். வழக்கமான இசைக்குறியீட்டை மட்டும் அறிந்தோர்க்கு உரியதாக அன்றி, கோடுகளும் வடிவங்களும் கொண்ட வரைபடமாக அது எழுதப்பட்டது. இளைஞர் குழுக்களும் பாடுவதற்கு அது வழி செய்தது. பிற்காலத்தில் ஒண்டாரியோவின் ஹாலிபர்ட்டன் காட்டில், முதியோரும் இளையோரும் ஒரு வாரம் கூடித் தங்கி நிகழ்த்தும் இசைச் சடங்கையும் அவர் உருவாக்கினார். கலைஞர் ஒருபுறம், அவையோர் மறுபுறம் என்ற பிரிவு அங்கு இல்லை.

இவற்றைக் கண்டு, படைப்பாற்றல் கல்வி என்பது மாணவரைத் தம்போக்கில் விட்டுவிடுதலே என்று கருதுவோர் உளர். அது பிழை. ஷேபரின் பயிற்சி ஒவ்வொன்றிலும் ஓர் இறுக்கமான கட்டளை உண்டு. ஒலி எழக்கூடாது, நிலவொளிக்கு மட்டுமே சொல் வேண்டும். எல்லை குறுகும்போதுதான் மாணவரின் கற்பனை கூர்மை பெறுகிறது. 'எதையேனும் எழுதுக' என்று விடப்பட்ட மாணவன் ஒன்றும் எழுதாது அமர்ந்திருத்தலை நாம் அறிவோம்.

ஆயினும் இம்முறையில் ஒரு குறை இருப்பதை மறைத்தற்கில்லை. ஹங்கேரியின் கோடாய் வகுத்த முறையிலும், ஜப்பானின் சுசுக்கி வகுத்த முறையிலும் படிப்படியான ஏணி உண்டு. இன்று இது, அடுத்து அது என்ற வரிசையை ஆசிரியர் பின்பற்றலாம். ஷேபரிடம் அத்தகைய வரிசை இல்லை. செவி திறந்த மாணவன் பின்னர் வயலினையோ குரலையோ ஆண்டுக்கணக்கில் பழகுவது எவ்வாறு என்ற வினாவுக்கு அவர் நூல்கள் போதிய விடை தரவில்லை. மரபின் வேலியைத் தாண்டிய அவரே முறையான பியானோப் பயிற்சி பெற்றவர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஆகவே, பயிற்சிக்கு மாற்றாக அன்றி, பயிற்சிக்கு முன்னும் அதனூடும் வைக்கவேண்டியதாகவே இம்முறையைக் கொள்ளுதல் பொருந்தும்.

அவ்வாறு கொண்டால் அதன் பயன் பெரிது. 1992இல் அவர் தொகுத்த நூறு பயிற்சிகளின் தொடக்கத்தில், காதில் விழும் ஒலிகள் அனைத்தையும் எழுதி, இயற்கை, மனிதர், பொறி என வகைப்படுத்தச் சொல்கிறார். இதற்கு இசைக்கருவி வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். ஐந்து நிமிட அமைதியைத் தாங்கும் துணிவு மட்டும் ஆசிரியர்க்கு வேண்டும்.

இரட்டைக்கிளவியைக் கற்பிக்கும் நம் வகுப்பறைகளில் 'சலசல', 'கலகல' என்னும் சொற்கள் பட்டியலாகவே மனனம் செய்யப்படுகின்றன. தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் அச்சொல்லைப் பிறப்பித்த ஒலியை அம்மாணவன் ஒருமுறையேனும் நின்று கேட்டானா என்று நாம் கேட்பதில்லை. அடுத்த மழைநாளில் நூலை மூடி வைத்துச் சாளரத்தைத் திறந்துவிட்டு, கேட்டதை எழுதுமாறு பணிப்போம். பட்டியல் அதன்பின் வரட்டும்.