அப்பா என்ன பண்றார்?

2012 பொங்கலுக்கு 'நண்பன்' வெளியானபோது நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய வாரத்திலேயே பன்னிரண்டு பேர் கிளம்பிப் போய்ப் பார்த்தோம். ஹாஸ்டலில் சேரும் அன்றைக்கு ராத்திரி நடக்கும் ராகிங் காட்சியில் தியேட்டர் அதிர்ந்தது. புதுப் பையன்களின் பேன்ட்டை அவிழ்க்கச் சொல்கிறார்கள். பெட்டியோடு உள்ளே வரும் விஜய் மறுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வராவிட்டால் கதவிலேயே சிறுநீர் கழிப்பேன் என்கிறான் சீனியர். உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்ற பள்ளிக்கூடப் பாடத்தை வைத்து உள்ளிருந்து ஷாக் கொடுக்கிறார் விஜய். விசில் பறந்தது. நானும் அடித்தேன்.

ஹிந்தியில் 2009இல் வந்த 'த்ரீ இடியட்ஸ்' படத்தின் மறுஆக்கம் அது, கிட்டத்தட்டக் காட்சிக்குக் காட்சி. சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் மறுபடி ஓடியது. இந்த முறை விசில் வரவில்லை, ஒரு சந்தேகம்தான் வந்தது. இந்தப் பையனுக்கு எப்படிப் பயமே இல்லை? கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் எந்தப் பையன் இப்படி இருந்தான்?

சினிமாவுக்கு ராகிங் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ராகிங்கின் கொடூரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான் இங்கே 1997இல் ராகிங் தடைச் சட்டமே வந்தது. ஆனால் திரைக்கதையில் ராகிங் ஒரு சௌகரியமான ஏற்றத்தாழ்வு. சீனியர் ஜூனியரை மிரட்டுகிறான், ஒரு வருடம் கழித்து ஜூனியர் சீனியர் ஆகிறான், கணக்கு நேராகிவிடுகிறது. யாரும் எதையும் இழக்க வேண்டாம். மிரட்டியவனே இடைவேளைக்குப் பிறகு நண்பனாகவும் ஆகலாம். கல்லூரி வாசலுக்கு வெளியே இருந்து உள்ளே கூடவே வருகிற ஏற்றத்தாழ்வுகளைக் காட்டாமலேயே 'முதல் வாரம் கஷ்டம்' என்று காட்டிவிட முடிகிறது.

நான் சேர்ந்தது 2010இல், கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில். ராகிங் என்று சொல்லும்படி ஒன்றுமே நடக்கவில்லை. யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைகள் வந்த புதுசு. முதலாண்டுக்குத் தனி ஹாஸ்டல் பிளாக், தனி மெஸ் நேரம். ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவனும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். கல்லூரியில் என் அப்பா கையெழுத்துப் போட்ட முதல் தாள் அதுதான். ஒவ்வொரு எழுத்தாக வரைந்துவிட்டு, "எதுக்குக் கண்ணு இது?" என்று கேட்டார். "யாரையும் அடிக்க மாட்டேன்னு எழுதிக் கேக்கறாங்கப்பா" என்றேன். சிரித்தார்.

ஓரியன்டேஷன் என்ற சொல்லையே அந்த வாரத்தில்தான் கேள்விப்பட்டேன். ஆடிட்டோரியத்தில் ஏசி. மேடையில் சேர்மன். பிளேஸ்மென்ட் கம்பெனிகளின் சின்னங்களாக நிரம்பிய ஸ்லைடுகள். இன்டர்னல் மார்க், அட்டென்டன்ஸ், அரியர், கிரெடிட் என்று மேடையிலிருந்து வார்த்தைகள் வந்தபடி இருந்தன. எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு முன்வரிசையில் ஒருவனுடைய அம்மா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தாய் கல்லூரிக் கூட்டத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கே திரும்ப வேண்டும் என்று வழி தெரியாதவர்களுக்குக் காட்டும் வாரம் என்றுதான் பெயர். ஏற்கெனவே வழி தெரிந்தவர்கள் யார் என்பதுதான் அங்கே எல்லோருக்கும் தெரியவந்தது.

மூன்றாம் நாள் கம்யூனிகேஷன் லேபில் செல்ஃப் இன்ட்ரோ. பேர், ஊர், படித்த பள்ளி, கட்-ஆஃப், அப்பா என்ன பண்றார், ஹாபி. "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்தவர்களையெல்லாம் டிரெய்னர் நிறுத்தி "ஐ ஆம்" என்று திருத்தினார். இலக்கணத் தவறு திருத்தப்பட்டது நல்லதுதான். ஆனால் திருத்தப்பட்டவர்களை எண்ணிப் பார்த்தால், எங்கள் அறுபது பேரில் தமிழ் மீடியம் யார் யார் என்று முதல் கால்மணி நேரத்திலேயே பட்டியல் தயாராகிவிட்டது. என் முறை வந்தபோது "ஐ ஆம்" சரியாக வந்தது, பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அப்பா பற்றிய வரியில், "ஹி இஸ் இன் டெக்ஸ்டைல் பிசினஸ்" என்றேன்.

என் அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்.

இந்தப் பொய் மாட்டிக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். அந்த வருடம்தான் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை ஆரம்பித்தது. ஆபீஸில் எங்களுக்குத் தனி வரிசை, பெயருக்குப் பக்கத்தில் 'எஃப்.ஜி.' என்று குறிப்பு. ஆனால் எங்கள் பக்கம் நூறு தறி வைத்திருப்பவர் மகனும் எஃப்.ஜி.தான், அவர் தறியில் நிற்பவர் மகனும் எஃப்.ஜி.தான்.

ஓரியன்டேஷன் இப்போது வளர்ந்து பெரிதாகிவிட்டது. ஏ.ஐ.சி.டி.இ. இதை மூன்று வார 'மாணவர் அறிமுகத் திட்டம்' ஆக்கி, அதற்கு வழிகாட்டி ஆவணமும் வைத்திருக்கிறது. ஐ.ஐ.டி. காந்திநகரில் 2011 முதல் நடக்கும் அடித்தளப் பயிற்சி, ஐ.ஐ.ஐ.டி. ஹைதராபாத்தில் 2005 முதல் நடக்கும் மனித விழுமியங்கள் பாடம், சில ஐ.ஐ.டி.களின் பழைய வழிகாட்டல் முறை ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்துச் சேர்த்தது. காலையில் உடற்பயிற்சி, பிறகு கலை, இலக்கியம், உள்ளூர் இடங்களைப் பார்ப்பது, இருபது பேருக்கு ஓர் ஆசிரியர். வேலை நிமித்தம் இதை நான் படிக்க நேர்ந்தது. எங்கள் கம்பெனியில் கேம்பஸிலிருந்து வருகிறவர்களுக்கான முதல் வார ஸ்லைடுகளைத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது மாதிரிக்கு எதையெல்லாமோ தேடினேன்.

நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட ஆவணம். ஆனால் அது மனதில் வைத்திருக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான்: கோச்சிங் சென்டரில் வருடக்கணக்காக வதங்கி, மார்க்கைத் தவிர எல்லாவற்றையும் மறந்துபோனவன். அவனுக்கு ஓவியமும் உரையாடலும் மருந்து. ஐ.ஐ.டி. பையன் அவன். கோச்சிங்குக்கே போகாதவனுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலமும் கணினிப் பழக்கமும் போதாதவர்களுக்குக் குறுகிய காலத் திறன் வகுப்பு. வகுப்புகள் தொடங்குவதற்குள் அந்தக் குறை பெரும்பாலும் சரியாகிவிட வேண்டுமாம். பன்னிரண்டு வருடத்தை மூன்று வாரத்தில்! 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலுக்கு வருகிற பிள்ளைகளின் முதல் வாரத்தை நினைத்தால், எனக்கு அந்த ஆவணத்தின் உடற்பயிற்சி நேரம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்கு ஷூ வேண்டுமே.

'நண்பன்' படத்துக்கு வருகிறேன். அந்தப் படம் தன் கையிலேயே வைத்திருந்த கதையைக் கவனியுங்கள். பஞ்சவன் பாரிவேந்தன் என்ற பெயரில் படித்தவன் உண்மையில் பாரிவேந்தனே இல்லை. பணக்கார வீட்டில் வேலை செய்தவரின் மகன், முதலாளி மகனின் பெயரில் கல்லூரிக்கு வந்தவன். பட்டம் அந்த வீட்டுக்கு, படிப்பு மட்டும் இவனுக்கு. தமிழில் வந்த கல்லூரிப் படங்களில் முதல் வாரத்தில் நுழைந்த மாணவர்களிலேயே அதிக ஆபத்தில் இருந்தவன் இவன்தான். பெயர் கூப்பிடும்போதெல்லாம் இன்னொருவன் பெயருக்குக் கை தூக்க வேண்டும். அப்பா என்ன பண்றார் என்று யாராவது கேட்டால்?

படம் அந்தக் கேள்வியை யாரையும் கேட்க விடவில்லை. உண்மையைக் கடைசிவரை மறைத்து வைத்து, ஆச்சரியமாக அவிழ்க்கிறது. பார்வையாளனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, கதாபாத்திரத்துக்கும் அது தெரியாதது போல நடத்துகிறார்கள். கல்லூரி முதல்வராக வரும் சத்யராஜ், குயில் முட்டையையும் கூட்டையும் காட்டி வாழ்க்கையே போட்டி என்று வரவேற்புரை நிகழ்த்துகிறார். ஆடிட்டோரியம் முழுக்க உறைந்திருக்க, எழுந்து கேள்வி கேட்கிறவன் இந்தப் பொய்ப்பெயர்க்காரன். இதற்கு ஒரு பதில் உண்டு, என் அறைத்தோழன் அன்றைக்கே சொன்னான்: "பட்டம்தான் அவனுக்கு இல்லையேடா, எதுக்குப் பயப்படணும்?" யோசிக்க வைக்கிற பதில்தான். ஆனால் மாட்டினால் போகப்போவது பட்டம் இல்லை, அவன் உயிராக நேசிக்கிற படிப்பு. அவனை அனுப்பி வைத்த வீட்டு மானமும் சேர்ந்து போகும். அப்படிப்பட்டவன் முதல் நாளே சீனியருக்கு ஷாக் வைப்பானா? முதல் பெஞ்சுக்கும் வராமல் கடைசி பெஞ்சுக்கும் போகாமல், யார் கண்ணிலும் படாத நடு வரிசையில்தான் உட்கார்ந்திருப்பான். நான் அங்கேதான் உட்கார்ந்தேன். நிஜமாகவே பயப்படுகிற ஜீவாவின் வீட்டு வறுமையோ படத்தில் சிரிப்புக் காட்சி.

2018இல் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' இந்த இடத்தில்தான் வேறு படம். திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் சேரும் பையன் தன் பெயரோடு பி.ஏ., பி.எல். என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டு, மேலே ஒரு கோடும் போட்டுக்கொள்கிறான். படிப்பு இன்னும் முடியவில்லை என்பதற்காக அந்தக் கோடு. நான் பார்த்த செல்ஃப் இன்ட்ரோக்களிலேயே நேர்மையானது இது. இருப்பதையும் சொல்கிறது, இல்லாததையும் சொல்கிறது.

பிறகு வகுப்பறை. பாடம் ஆங்கிலத்தில் ஓடுகிறது, அவனுக்குப் பிடிபடவில்லை, எல்லோர் முன்னாலும் அவமானப்படுகிறான். இங்கே வில்லன் சீனியர் இல்லை. அதே வகுப்பில், அதே வருடத்தில் சேர்ந்தவர்கள், எல்லாம் தெரிந்தவர்கள் போல உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை. ஒரு வருடம் பொறுத்தால் இது சரியாகாது. சாதியும் அப்படித்தான், அடுத்த பேட்ச் வந்ததும் அது ஜூனியர் மேல் இறங்கிவிடுவதில்லை.

ஆனால் படத்தின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. ஜோ என்ற பெண் வந்து பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் ஆங்கிலப் பிரச்சினை கதையை விட்டே நழுவிவிடுகிறது. அவள் அவனுக்குத் தேவதை, சரி. ஆனால் இரண்டாம் பாதியில் அவன் பரீட்சையை எப்படி எழுதினான்? எங்கள் வகுப்பில் தேவதைகள் யாரும் வரவில்லை. லோக்கல் ஆத்தர் புத்தகம் இருந்தது. இரண்டு மார்க் கேள்விகளுக்கு வரி வரியாக மனப்பாடம் இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்குத் தமிழில் விளக்கிச் சொன்ன ஒரு திருச்செங்கோட்டுப் பையன் இருந்தான், அவனுக்கே நாலு அரியர். மொழியோடு நடக்கும் அந்த நாலு வருட இழுபறி சாதியின் வன்முறை அளவுக்குத் திரைக்கு உகந்ததாக இல்லை போல. காதல் கதையின் அவசரத்தில் படம் அதைக் கீழே போட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

கீழே போடாமல் கடைசிவரை தூக்கிவந்தது ஒன்று: அப்பா. ஒரு பிரச்சினையில் அப்பாவைக் கூட்டிவரச் சொல்கிறது கல்லூரி. பரியன் வழியில் போகிற ஒருவரை அப்பாவாக நடிக்க வைத்துக் கூட்டிவருகிறான். தியேட்டர் சிரித்தது. உண்மையான அப்பா, பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர், பின்னால்தான் வருகிறார். நாட்டார் கலைஞரான தங்கராஜே அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். அவர் துரத்தப்பட்டு, வேட்டி உருவப்பட்டு ஓடும் காட்சிக்குப் பிறகுதான், முதலில் வந்த பொய் அப்பா எதற்கு என்று நமக்குப் புரிகிறது. வெட்கம் மட்டும் இல்லை அது. இந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவரக் கூடாது என்ற பாதுகாப்பும் அதில் இருந்திருக்கிறது. சிரித்தவர்களைப் பின்னோக்கித் திருத்துகிறது படம். 'நண்பன்' கடைசியில் அவிழ்க்கும் ரகசியம் நம்மை வியக்க மட்டும்தான் வைக்கிறது.

ஆனால் என் பொய்யில் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. என் அப்பாவை யாரும் துரத்தியிருக்க மாட்டார்கள். அதிகம் போனால் ஒருவன் "ஓ" என்றிருப்பான். அந்த "ஓ"வுக்குப் பயந்துதான் சொன்னேன்.

சேர்ந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹாஸ்டலுக்கு வந்தார். அம்மா சுட்ட முறுக்கு ஒரு தூக்குப் போசியில். ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் பஸ் ஏறியிருக்கிறார், சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது. வெள்ளைச் சட்டைதான், கல்யாணங்களுக்குப் போடுவது. என் பக்கத்து அறைப் பையன், அவன் வீட்டில் நிஜமாகவே டெக்ஸ்டைல் பிசினஸ், வராந்தாவில் அவரைப் பார்த்து மரியாதையாக நின்றான்.

"அங்கிள், உங்களுக்கு எத்தனை தறிங்க ஓடுது?"

நான் போசியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எட்டு ஓடுதுங்க தம்பி" என்றார் அப்பா.

எட்டுத் தறி என்பது அந்தக் கூடத்தில் ஒரு ஷிஃப்டுக்கு அவர் ஒருத்தர் பார்த்துக்கொள்வது. அறுந்த நூலைக் கட்டி, தார் மாற்றி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவர் சொன்னதில் பொய் இல்லை. "ரெண்டு ஷிஃப்டுங்களா?" என்று பையன் கேட்டான். "ஆமாங்க, ரெண்டும் ஓடுது" என்றார். பாவு நூல் விலை ஏறியது பற்றி இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். முதலாளிகள் பேசிக் கேட்டதையெல்லாம் அப்பா சரளமாகவே சொன்னார்.

எனக்காகச் சமாளித்தாரா, கேட்டதற்குப் பதில் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. அவன் போனதும் என் கட்டிலில் உட்கார்ந்து, "மெஸ்ஸுல சோறு எப்படிக் கண்ணு, உப்பு ஒறப்பெல்லாம் இருக்குதா?" என்று கேட்டார். இருக்குதுங்கப்பா என்றேன். நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார், ராத்திரி ஷிஃப்ட் இருந்தது.