மெல்ல எழும் வெளிச்சம்

தொம்மலூர் மொட்டைமாடியில், உள்வட்டச் சாலையின் விளக்குமூட்டத்துக்கு மேலே அன்ன மண்டலத்து எஸ்.எஸ். சிக்னி என்ற விண்மீனைத் தேடுவது தனிச் சுகம். அடங்கியிருக்கையில் அதன் ஒளித்தரம் 12. சிறு தொலைநோக்கிக்கு இந்த நகர வானில் சிக்காது. வெடித்தால் ஒளிகூடி 8-க்கு வந்துவிடும், பெரும்பாலும் ஓரிரு நாளில். எனக்குப் பிரியமானவை அபூர்வமான மந்த வெடிப்புகள்: அதிலுள்ள வெண்குறுமீனைச் சுற்றும் வாயுத்தட்டு நிதானமாகச் சூடேறி, நாள்கணக்கில் துலங்கிவரும். கண்ணின் கைத்திறன் தெரிவது அப்போதுதான். நேரே வெறிக்காமல் ஓரப்பார்வையில் ஏந்தி, அக்கம்பக்கத்து விண்மீன்களில் எதைவிட மங்கல், எதைவிடப் பளிச்சென்று நகைக்கடைத் தராசுபோல் நிறுக்கவேண்டும். பழகிய கண் ஒளித்தரத்தில் பத்தில் ஒரு பங்குவரை சொல்லிவிடும். 1863-இல் சென்னை வானாய்வகத்தின் போக்சன், யூ ஸ்கார்ப்பி விண்மீனின் வெடிப்பைக் கண்டுகொண்டதும் இத்தகைய கண்பழக்கத்தால்தான்.