பேய் வீடும் பாழ்மனையும்

பேய் உண்டா, இல்லையா என்ற வாதம் நம்மிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. அண்மைக் காலத்தில் அது ஒரு வணிகமாகவும் வளர்ந்துள்ளது. ஆளில்லாத பழைய கட்டடமொன்றைத் தேடிப்பிடித்து, நள்ளிரவில் ஒளிப்படக் கருவிகளுடன் கூட்டமாக அதனுள் நுழைந்து, காற்றில் அசைந்த கதவைக் கண்டு அலறி, அந்த அலறலைக் காணொளியாக்கி விற்பது சிலருக்குத் தொழிலாகவும் பலருக்குப் பொழுதுபோக்காகவும் ஆகிவிட்டது. இதற்கு ஆராய்ச்சி என்று பெயர் சூட்டுகின்றனர். மாணவர்களும் இக்கூட்டங்களில் ஆர்வத்தோடு சேருகின்றனர். ஆராய்ச்சி என்ற சொல்லை மதிப்பவர்கள் இதனைச் சிரித்து ஒதுக்கிவிடுதல் போதாது. எந்தக் கேள்வியோடு அந்தக் கட்டடத்துக்குள் நுழைகிறார்கள் என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

பேய் வீட்டு ஆராய்ச்சிக்கு நீண்டதோர் எழுத்து மரபு உண்டு. அம்மரபிலிருந்து மூவரை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்: ஆங்கிலேயரான ஹாரி பிரைஸ், இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், தென்கொரியாவில் பிறந்த மானிடவியலாளர் ஹியோனிக் குவோன். இம்மூவரையும் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள கொக்கிளாயில் நின்று படித்துப் பார்க்க விரும்புகிறோம். ஒரு வீடு ஏன் பாழாயிற்று என்பதற்கு அங்கே கதை கட்ட வேண்டியதில்லை, வரலாறே இருக்கின்றது.

ஹாரி பிரைஸ் புகழ்பெற்றது இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் போர்லி என்னும் சிற்றூரில் இருந்த பாதிரியார் இல்லத்தினால். 1929ஆம் ஆண்டு முதன்முறையாக அங்கு சென்ற அவர், 1937இல் அவ்வில்லத்தை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்தார். தம்முடன் காவலிருக்க ஓய்வும் அறிவும் துணிவும் உடையோர் வேண்டுமென 'டைம்ஸ்' நாளிதழில் விளம்பரம் செய்தார். நாற்பத்தெட்டுப் பேர் சேர்ந்தனர். அவர்கள் கையில் ஓர் அறிவுறுத்தற் கைந்நூல் கொடுக்கப்பட்டது. முன்னர் எந்த இடத்தில் என்ன நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டது என்பது அதில் இருந்தது. பல இரவுகள் யாதும் நிகழாமலே கழிந்தன. ஆனால், எதை எதிர்பார்க்க வேண்டுமென்று முன்கூட்டியே அறிந்து சென்றவர்களுக்குச் சுவரிலிருந்த சிறு கீறலும் செய்தியாயிற்று. 1939இல் வீடு தீக்கிரையானது. 1940இல், இங்கிலாந்திலேயே பேய் நடமாட்டம் மிகுந்த வீடு என்று பறைசாற்றும் தலைப்போடு பிரைஸின் நூல் வெளிவந்தது. 1956இல் டிங்வால், கோல்ட்னி, ஹால் ஆகிய மூவர் சான்றுகளை மீளவும் பரிசோதித்து, இயற்கைக் காரணங்களும் மிகைப்படுத்தலும் எவ்வளவு தூரம் இந்தப் புகழுக்குக் காரணமாயின என்பதை எடுத்துக்காட்டினர்.

பிரைஸின் குற்றம் மிகைப்படுத்தியது மட்டுமன்று. 1930 முதல் 1935 வரை அவ்வில்லத்தில் வாழ்ந்த பாதிரியாரின் இளம் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்து, உதவி வேண்டும் பென்சில் எழுத்துகள் சுவர்களிற் காணப்பட்டன. அவர் தம்மிலும் இருபது ஆண்டுகள் மூத்த, நோய்வாய்ப்பட்ட கணவருடன் அந்த ஒதுக்குப்புறமான பெரிய வீட்டில் வாழ்ந்தவர். எழுதியது பேயா, அவரேயா என்று இருதரப்பாரும் பல்லாண்டு வாதிட்டனர். உதவி வேண்டும் என்ற சொற்கள் ஒரு வீட்டுச் சுவரில் தோன்றும்போது, அந்த வீட்டில் வாழ்பவருக்கு என்ன குறை என்று கேட்பதே மனித இயல்பு. ஓய்வும் அறிவும் உடைய நாற்பத்தெட்டுப் பேர் சூழ்ந்திருந்தும் அந்தக் கேள்வி ஆராய்ச்சியின் மையத்துக்கு வரவில்லை.

கோவூர் இக்கேள்விக்கு மிக அருகில் வந்தவர். திருவல்லாவில் 1898இல் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, 1959இல் ஓய்வுபெற்ற இந்தத் தாவரவியல் ஆசிரியர், தமது எஞ்சிய வாழ்நாளை இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் பணிக்கே அளித்தார். அற்புதம் செய்து காட்டுவோருக்கு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் மறையும்வரை ஒருவரும் அந்தப் பணத்தைப் பெறவில்லை. கூரையிற் கல் விழும் வீடு, பெட்டிக்குள் புடைவை தீப்பற்றும் வீடு, சோற்றில் மண் விழும் வீடு என அவர் நுழைந்து பார்த்த வீடுகள் பல. ஒவ்வொன்றிலும் அவர் கண்டது மனிதக் கையே. பெரும்பாலும் அக்கை அந்த வீட்டிலேயே வாழ்ந்த, வாய் திறந்து பேச உரிமையற்ற ஒருவருடையதாக, பல வேளைகளில் ஒரு சிறுமியுடையதாகவோ இளம்பெண்ணுடையதாகவோ இருந்தது.

மந்திரவாதி பிரம்பால் அடித்திருப்பான். கோவூர் பொறுமையாகப் பேச வைத்தார். இந்த வேறுபாட்டின் பெருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. அவரது குறிப்பேட்டு நிகழ்வொன்று 1972இல் 'புனர்ஜன்மம்' என்ற மலையாளப் படமாகவும், அடுத்த ஆண்டில் 'மறுபிறவி' என்ற தமிழ்ப் படமாகவும் வெளிவந்தது. ஒரு பகுத்தறிவாளரின் நோய்க்குறிப்பு வெகுசனத் திரைக்கு வந்தமை நம் பண்பாட்டு வரலாற்றில் சிறிய செய்தியன்று.

எனினும், அவர் எழுத்தின் எல்லையையும் நாம் காணவேண்டும். கோவூரின் குறிப்புகளில் வீட்டின் அநீதி இடம்பெறாமலில்லை. ஆனால் அது ஒரு தனிமனிதரின் மனநோயாகச் சுருங்கி முடிகின்றது. கல் எறிந்தவர் கண்டுபிடிக்கப்படுகிறார், குணமடைகிறார், கட்டுரை முடிகிறது. கல் எறிவதைத் தவிர வேறு மொழியை அவருக்கு விட்டுவைக்காத வீட்டின் அமைப்பு முன்போலவே இருக்கின்றது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் அச்சம் எந்த உருவில் வீட்டினுள் நுழைகிறது என்று எண்ணிப் பாருங்கள். வாசலில் வந்து நின்று, வேலைக்காரியாகச் சேர்க்கப்படும் ஓர் ஏழைப் பெண்ணின் உருவில் அல்லவா! வசதியுள்ள வீடு எவரைக் கண்டு அஞ்சுகிறது என்பதைக் கதை காட்டிவிடுகிறது. நோய்க்குறிப்பு பேயை விரட்டிய பின்னரும் அந்த வாசற்படி அவ்வாறே கிடக்கின்றது.

இனிக் கொக்கிளாய்க்கு வருவோம். களப்பும் கடலும் சந்திக்கும் இந்த ஊரின் வாழ்வு மீனையும் வயலையும் நம்பியது. களப்புப் பகுதி 1951இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. பறவைகளுக்குக் கிடைத்த அடைக்கலம் மனிதருக்குக் கிடைக்கவில்லை. 1984 டிசம்பர் முதல் நாளில் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் வாடியமைத்திருந்த சிங்கள மீனவக் குடும்பத்தினர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் இராணுவத்தால் வெளியேற்றப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். 2009இல் போர் முடிவுற்ற பின்னரே எஞ்சியோர் மீளக் குடியமரத் தொடங்கினர். கால் நூற்றாண்டுக் காலம் ஆளற்றுக் கிடந்த மனைகளில் கூரை விழுந்து, முற்றத்தில் மரம் முளைத்திருந்தால், அதற்குக் காரணம் காண மின்காந்த மானி தேவையில்லை.

கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் 29ஆம் நாள், குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டிய தொழிலாளரின் மண்வெட்டிக்கு மனித எலும்புகள் அகப்பட்டன. முல்லைத்தீவு நீதிமன்றத்தின் மேற்பார்வையில், அவ்வாண்டு செப்டெம்பரில் தொடங்கிய அகழ்வு 2024 ஜூலையில் முடிவுற்றபோது ஐம்பத்திரண்டு எலும்புக்கூடுகள் வெளிவந்திருந்தன. அகழ்வில் ஈடுபட்ட தொல்லியலாளர் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் இடைக்கால அறிக்கை, இவ்வுடல்கள் 1994க்கும் 1996க்கும் இடைப்பட்ட காலத்தில் புதைக்கப்பட்டவை என்று மதிப்பிட்டது. மண்ணை அடுக்கடுக்காக நீக்குதல், துணியின் எச்சத்தையும் தனியே எடுத்து இலக்கமிடுதல், காலத்தைச் சான்றால் நிறுவுதல்: ஆராய்ச்சி என்ற சொல்லின் பொருள் இதுவே. பாழ்நிலத்தில் இறந்தோரைத் தேடும் வேலைக்கு வன்னியில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இந்த இடத்திலேயே மூன்றாமவரான குவோன் நமக்குத் துணையாகிறார். வியட்நாமின் போர்ப் பேய்கள் பற்றிய அவரது நூல் 2008இல் வெளிவந்தது. பேய் உண்டா என்று அவர் கேட்கவில்லை. மக்கள் பேயைப் பற்றிப் பேசும்போது யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்டார். மத்திய வியட்நாமில் வீட்டினுள்ளே முன்னோருக்கு ஒரு பீடம். வெளியே, ஊர் பேர் தெரியாமல் இறந்து அலைவோருக்கு ஒரு சிறு பீடம். வணங்குவோர் இருபுறமும் திரும்பி வணங்குகின்றனர். வெளிப்பீடத்தில் எந்தத் தரப்பின் சீருடை அணிந்து இறந்தாய் என்ற விசாரணை இல்லை. அரசு தன் வீரருக்கு மட்டுமே நினைவுச் சின்னம் எழுப்பிய நாட்டில், எஞ்சிய இறந்தோரை மக்கள் பேய்க்கதையின் வழியே நினைவில் வைத்தனர் என்பதை அவர் காட்டுகிறார்.

நம் மரபில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி செய்து துக்கத்துக்கு ஒரு வரம்பு கட்டுவர். காணாமலாக்கப்பட்டவருக்கு எந்த நாளை முதல் நாளாகக் கொண்டு முப்பத்தொன்று எண்ணுவது? இறந்தார் என்றும் சொல்லாமல், இருக்கிறார் என்றும் சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரத்தை வழங்க 2016இல் இலங்கை சட்டத்தைத் திருத்தியது. இறப்புக்கும் வாழ்வுக்கும் நடுவே மனிதரை நிறுத்திவைப்பதுதான் பேய்க்கதையின் இலக்கணம் என்றால், அதை எழுதியவர் பாமரரல்லர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் கேட்டதும் அந்த நடுநிலையிலிருந்து தம் பிள்ளைகளை மீட்டுத் தருமாறுதான்.

மக்களின் பேய்க்கதைக்கு இவ்வாறு செவிசாய்ப்பது மூடநம்பிக்கைக்குப் பின்கதவைத் திறந்துவிடாதா என்று முற்போக்கு நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பேய் இல்லை என்பதில் கோவூரோடு நாம் முற்றாக உடன்படுகிறோம். அக்கதையைக் காட்டிக் காசு பறிக்கும் மந்திரவாதியையும் காணொளி வணிகரையும் ஒரே தராசில் வைத்து எதிர்க்கிறோம். ஆனால் நம்பிக்கையை மறுப்பது வேறு. நம்புவோரின் துயரை மறுப்பது வேறு. பேயை மறுத்துவிட்டுக் கொலையையும் சேர்த்து மறந்துவிடும் பகுத்தறிவு, ஆள்வோருக்கு மிக வசதியான பகுத்தறிவாகும்.

நள்ளிரவில் பாழ்வீடு பார்க்கச் செல்லும் ஆர்வத்தை நம் மாணவர்கள் கைவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவர்கள் பகலில் செல்லட்டும். அந்த வளவின் உறுதி யார் பெயரில் இருந்தது, குடியிருந்தவர் எந்த ஆண்டில் வெளியேறினர், திரும்பி வந்தவர் எத்தனை பேர், வராதவர் யார் என்று அயலவரைக் கேட்டு எழுதட்டும். சிங்கள மீனவரின் வாடியானாலும் தமிழ் விவசாயியின் கல்வீடானாலும் கேள்விகள் இவையே. ஆசிரியர்கள் அந்தக் குறிப்பேடுகளைத் திருத்திக் கொடுத்து, வகுப்பறையில் உரக்கப் படிக்கச் செய்யட்டும். ஒவ்வொரு பாழ்மனைக்கும் அதில் வாழ்ந்தவரின் பெயரை மீட்டுக் கொடுத்துவிட்டால், பேய்க்கு அங்கே தங்க இடமிராது.