கடலாயியும் ஏரோதியாளும்

புனித அருளானந்தரின் வரலாறு நம் மக்களுக்குப் புதிதன்று. மறவர் நாட்டுத் தலைவராகிய தடியத் தேவர் நோயுற்றார், வேதியர் ஒருவரின் செபத்தால் நலம் பெற்றார், திருமுழுக்குக் கேட்டார். முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்க வேண்டும் என்று குரு கூறினார், அவரும் விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் இளையவளான கடலாயி சேதுபதி மன்னரின் உறவுப் பெண். அவள் மன்னரிடம் சென்று முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் குருவின் தலை வெட்டப்பட்டது. மறைக்கல்வி வகுப்பில் கேட்டும், திருவிழா நாடகங்களில் பார்த்தும், சிறு வரலாற்று நூல்களில் படித்தும் இதை நாம் நெஞ்சில் பதித்திருக்கிறோம்.

அந்த நாடகங்களைப் பற்றியும் நூல்களைப் பற்றியுமே இங்கே பேச விரும்புகிறோம். நாம் கண்ட நாடகங்களில் கடலாயிக்கு ஒரே வேலைதான்: சினம் கொள்ள வேண்டும். கூந்தலை விரித்துக்கொண்டு வருகிறாள், சூளுரைக்கிறாள், மறைகிறாள். எழுதியவர் மனத்தில் ஏரோதியாள் இருக்கிறாள் என்பது முதற் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. அங்கும் யோவான், இங்கும் யோவான். அங்கும் அரசன், இங்கும் அரசன். அங்கும் திருமணம் பற்றிய கண்டிப்பு, பெண்ணின் வன்மம், வெட்டப்பட்ட தலை. ஒப்புமை தானாகவே கையில் வந்து விழுகிறது. அதுதான் அதில் உள்ள ஆபத்தும்.

நற்செய்தியில் வரும் ஏரோதியாள் யார்? கணவன் உயிரோடிருக்க அவனை விட்டு அவன் சகோதரனோடு வாழ்ந்தவள். அவளுடைய சமூகத்தின் சட்டமே அதை ஏற்கவில்லை. கடலாயியோ தன் நாட்டு வழக்கப்படி, பெரியோர் கூடிச் செய்துவைத்த மணத்தால் மனைவியானவள். அவள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. தன் கணவர் ஏற்ற புதிய சமயத்தின் ஒழுங்கால், ஒருநாள் காலையில் மனைவி அல்லாதவள் ஆனாள். இருவரையும் ஒரே தட்டில் வைப்பது நற்செய்தியையும் தவறாகப் படிப்பது, நம் மண்ணின் வரலாற்றையும் தவறாகப் படிப்பது. இன்னொன்றையும் கவனிக்கலாம்: கணவருடன் தங்கிய அந்த முதல் மனைவிக்கு நாம் கண்ட நாடகம் எதிலும் பெயரில்லை.

தடியத் தேவர் யார் என்ற கேள்வியை நம் நாடகங்கள் இன்னும் விரைவாகத் தாண்டிப்போகின்றன. நோயாளி, மனம் மாறியவர் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அக்காலத்தில் மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்தவரும் பின்னாளில் மயிலை ஆயரானவருமான பிரான்சிஸ் லாயினஸ் அடிகளாரின் மடலைப் பின்பற்றி எழுதப்பட்ட பழைய வரலாறுகள் வேறொன்றையும் சொல்கின்றன. மறவர் நாட்டு அரசுரிமையே முறைப்படி தடியத் தேவருடையது, சேதுபதி அதைக் கைக்கொண்டிருந்தார் என்பது அவற்றின் கூற்று. இதை அறிந்த பிறகு கதை வேறு விதமாக நகரத் தொடங்குகிறது.

அரசுரிமை பற்றிய இந்தப் பிணக்கு ஒரே நாளில் முளைத்ததன்று. நம் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிவரும் எவரும் திருமலை நாயக்கரை நினைக்காமல் இருப்பதில்லை. அக்குளம் வெட்டப்பட்டது 1645-இல் என்பர். அந்த ஆண்டுகளில்தான் அதே நாயக்கர் சேதுநாட்டு அரசுரிமைச் சண்டையிலும் தலையிட்டார். சடைக்கத் தேவருக்கு எதிராகத் தம்பித் தேவரை ஆதரித்தார். சடைக்கத் தேவர் கொல்லப்பட்ட பிறகு நாட்டை மூன்றாகக் கூறுபோட்டு இரகுநாதத் தேவர், தனக்கத் தேவர், தம்பித் தேவர் ஆகிய மூவருக்கும் பிரித்தளித்தார். நாடு பின்னர் இரகுநாத சேதுபதியின் கையில் ஒன்றுசேர்ந்தது உண்மை. ஆனால், அரியணைக்கு உரிமையுள்ளவர் ஒருவர் மட்டும் அல்லர் என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் ஒன்றுசேர்ந்து மறையுமா? 1670-களில் ஆட்சிக்கு வந்து 1710 வரை ஆண்ட கிழவன் சேதுபதி, பங்காளிகளையும் பாளையத்துத் தலைவர்களையும் எந்நேரமும் கண்காணித்தபடியே ஆண்டவர்.

இத்தகைய நாட்டில் திருமணம் இருவர் விருப்பத்தால் மட்டும் நடப்பதன்று. உடன்படிக்கையும் அதுவே, பிணையும் அதுவே. கிழவன் சேதுபதி தாமே கள்ளர் குலத்துக் காதலி நாச்சியாரை மணந்தார். அவர் சகோதரர் இரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைக்குத் தலைவராக்கினார். (பெயரின் ஒலி கேட்டுக் காதலியையும் கடலாயியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் வேறு, அவர் வேறு.) அரசுரிமை கோரக்கூடிய ஒருவரின் வீட்டில் சேதுபதி குடும்பத்துப் பெண் மனைவியாக இருந்தாள் என்றால், அந்த இரு வீடுகளுக்கும் இடையே இருந்த அமைதி அவள் கழுத்துத் தாலியில் தொங்கிக்கொண்டிருந்தது என்றே நாம் கொள்ள வேண்டும். தடியத் தேவர் அவளை விலக்கியபோது அந்த முடிச்சும் அவிழ்ந்தது.

இங்கே மொழி சார்ந்த ஒரு சிறு செய்தியும் உண்டு. திறனாய்வாளர் எவரும் அதைத் தொட்டதாக நாம் காணவில்லை. அருளானந்தர் பற்றிய முதல் மடல்கள் ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்டவை. அண்ணன் தம்பி மகளையும், அக்காள் தங்கை மகளையும் அம்மொழிகள் ஒரே சொல்லால் குறிக்கும். நமக்கோ அவை இரண்டும் இரு வேறு உறவுகள். உடன்பிறந்தான் மகள் எனில் மகள் முறை. அவளுக்கு நேர்ந்த இழிவு தன் சொந்த வீட்டுக்கே நேர்ந்த இழிவு. உடன்பிறந்தாள் மகள் எனில் மருமகள் முறை. தாய்மாமன் என்ற வகையில் அவளுக்குச் சீர் செய்யவும், அவளுக்காகக் கேட்கவும் கடமைப்பட்டவர் மன்னர். மறவர் குலத்தின் சில பிரிவுகளில் கிளை தாய்வழியே வருவதையும் நினைத்தால் இந்த வேறுபாட்டின் எடை விளங்கும். நம் நூலாசிரியர்கள் ‘சேதுபதியின் உறவுப் பெண்’ என்று பொதுப்படச் சொல்லி நடந்துவிடுகிறார்கள். தமிழில் எழுதுபவர் தமிழ் உறவுமுறையையே கேட்காமல் போவது வியப்பாக இருக்கிறது.

மன்னரின் செயலை ஆண்டுகளோடு சேர்த்துப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருகிறோம். 1686-இல் அருளானந்தர் முதன்முறை சிறைப்பட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளானபோது, அவரை அழைத்து, அவர் போதனையைக் கேட்டு, தம் நாட்டில் போதிக்கக்கூடாது என்ற கட்டளையோடு விடுதலை செய்தவர் இதே கிழவன் சேதுபதிதான். அன்றும் குரு அதே மறையைத்தான் போதித்தார். மறவர் பலர் அன்றும் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஏழு ஆண்டுகளில் மன்னரின் உள்ளம் கல்லானது ஏன்? 1693 சனவரி 6, மூவரசர் திருநாளன்று, தடியத் தேவர் திருமுழுக்குப் பெற்றார். சனவரி 8 அன்று குரு பிடிபட்டார். நடுவே இரண்டே நாள். மனைவியரை விலக்கியது திருமுழுக்குக்கு முன்பே நடந்திருக்கும், முறையீடும் முன்பே போயிருக்கும் என்பது மெய்தான். ஆயினும் திருமுழுக்கு நடந்த உடனே அரசு இயந்திரம் இவ்வளவு வேகமாக அசைந்ததற்கு ஒரு பெண்ணின் கண்ணீரை மட்டும் காரணமாகச் சொல்வது சிறுபிள்ளைத்தனம். தண்டனையைத் தலைநகரில் நிறைவேற்றாமல், ஓரியூரில் இருந்த தம் சகோதரரிடம் அனுப்பி நிறைவேற்றியதும் கவனிக்கத்தக்கது. தடியத் தேவரின் ஆட்கள் கிளர்ந்தெழுவார்கள் என்ற அச்சம் மன்னருக்கு இருந்திருக்கிறது. தொடக்கமும் குடும்பம், முடிவும் குடும்பம்.

இதேபோன்ற ஒரு நிகழ்ச்சியை இங்கிலாந்தில் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்ப்பது பயன் தரும். 1521-இல் ‘சர்’ பட்டம் பெற்றவர் புனித தாமஸ் மூர். அரசனின் திருமணச் சிக்கலே அவர் உயிரையும் வாங்கியது. அவருக்குச் சில நாள் முன்பு, 1535 சூன் 22 அன்று கொல்லப்பட்ட ஆயர் ஜான் ஃபிஷர், திருமுழுக்கு யோவானைப் போலத் திருமணத்திற்காக உயிர்விடவும் ஆயத்தம் என்று 1529-லேயே கூறியவர். ஆகவே அங்கும் அரசி ஆன் பொலினை ஏரோதியாள் ஆக்குவது எளிதாயிற்று, ஆக்கியவர்களும் உண்டு. ஆனால் இன்றைய வரலாற்று ஆசிரியர் அதோடு நிற்பதில்லை. மூரை விசாரித்த மன்றத்தில் ஆனின் தந்தையும் தாய்மாமனும் அமர்ந்திருந்ததைக் காட்டுகிறார். அந்தத் தாய்மாமனே அடுத்த ஆண்டு தன் மருமகளுக்கும் சாவுத் தீர்ப்புச் சொன்னதைக் காட்டுகிறார். அந்நாட்டில் ஊருக்கு வெளியே பேர் தெரியாத ஒரு ‘சர்’ பட்டக்காரருக்குக்கூட உயில், நிலப்பத்திரம், கல்லறைக் கல்வெட்டு ஆகியவற்றைத் துருவி, அவர் மகள் யார் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள் என்று எழுதிவைக்கிறார்கள். நம் நாட்டின் மாபெரும் மறைசாட்சியத்தின் நடுவே நிற்கும் இரு குடும்பங்களைப் பற்றி நாம் அத்தனை அக்கறை காட்டியதில்லை.

அருளானந்தரின் குடும்பம் பற்றியோ நமக்கு நிறையத் தெரியும். தந்தை சால்வதோர் தெ பிரித்தோ இரியோ தெ ஜனெய்ரோவில் ஆளுநராக இருந்தவர்; மகன் அரண்மனையில் இளவரசர் பேத்ரோவின் தோழனாக வளர்ந்தவர்; தாய் பெயத்ரிஸ். மகன் இந்தியாவுக்குக் கப்பலேறாதபடி அத்தாய் திருத்தந்தையின் தூதர் வரை சென்று தடுத்துப் பார்த்தார் என்று வரலாறுகள் கூறுகின்றன. தன் மகனை இழக்க மாட்டாத தாய், செல்வாக்குள்ள இடத்தில் முறையிட்டார். நாம் அவருக்காக உருகுகிறோம். தன் கணவரை இழக்க மாட்டாத மனைவி, செல்வாக்குள்ள இடத்தில் முறையிட்டாள். அவளை மேடையில் பேயாக்குகிறோம். முறையீட்டின் விளைவு வேறாக இருந்தது என்பது உண்மைதான். அந்த விளைவைத் தீர்மானித்தவர் முறையிட்டவள் அல்லள், வாளைக் கையில் வைத்திருந்தவர்.

இப்படிப் படித்தால் புனிதரின் மறைசாட்சியம் குறைந்துவிடாதா என்று சிலர் அஞ்சக்கூடும். நாம் அப்படி எண்ணவில்லை. திருமணம் ஒருவனுக்கு ஒருத்தி என்ற படிப்பினையை விட்டுக்கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார், அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மன்னருக்கு அரசியல் காரணம் இருந்ததால் குருவின் காரணம் மாறிவிடாது.

ஆனால் அந்தப் படிப்பினைக்கு விலை கொடுத்தவர்கள் யார் யார் என்று கேட்க நமக்குத் திருச்சபையே இன்று சொல்லித் தருகிறது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1148-ஆம் சட்டம், பல மனைவியரை உடையவர் திருமுழுக்குப் பெறும்போது, விலக்கப்படும் பெண்களின் தேவைகள் நீதிக்கும் கிறிஸ்தவ அன்புக்கும் ஏற்ப நிறைவு செய்யப்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை ஆயரிடம் ஒப்படைக்கிறது. தடியத் தேவரும் மற்ற மனைவியரைச் சகோதரிகளாகக் கருதிக் குறைவின்றிக் காப்பதாகச் சொன்னார் என்று வரலாறுகள் குறிக்கின்றன. நல்ல சொல். ஆனால் அக்காலத்து மறவர் நாட்டு அரண்மனைப் பெண்ணுக்குக் கணவனைவிட்டுத் தனி வாழ்வு என்று ஒன்று இருந்ததா? 1710-இல் கிழவன் சேதுபதி இறந்தபோது நாற்பத்தேழு பெண்கள் அவருடன் தீயில் இறங்கினர் என்று யேசு சபைக் குரு ஒருவரின் மடல் கூறுகிறது. கணவன் இறந்தால் அது. கணவன் விலக்கினால் எது? எந்த நாடகத்திலும் கடலாயி இதை வாய்திறந்து கேட்பதில்லை.

சிவகங்கை மறைமாவட்டத்து ஓரியூருக்கு ஆண்டுதோறும் திரளாகச் செல்கிறோம். இனியும் நாடகங்கள் எழுதப்படும். அடுத்து எழுதப்போகும் அன்பரிடம் நாம் கேட்பது ஒரே ஒரு காட்சி. சூளுரை வேண்டாம், விரித்த கூந்தல் வேண்டாம். இராமநாதபுரம் அரண்மனை வாயிலில் பல்லக்கிலிருந்து இறங்கும் அந்த இளம்பெண், உள்ளே வந்து மன்னரை முதலில் எப்படி அழைத்திருப்பாள்: ‘பெரியப்பா’ என்றா, ‘மாமா’ என்றா? அந்த ஒரு சொல்லை முடிவு செய்துகொண்டு அவர் அடுத்த வரியை எழுதட்டும்.